யாருக்குப் படித்துக் காட்டினீர்கள்?

1. இக்குறிப்புகளை எழுதும் நான், திருவாரூர் தெற்கு வீதியில் வசிக்கும், காலஞ்சென்ற கோவிந்தசாமி அவர்களின் குமாரர், அறுபத்திரண்டு வயதுள்ள வீதிவிடங்கன். முப்பத்தாறு ஆண்டுகள் உரிமையியல் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவன். இரு செவிகளிலும் கேட்கும் திறன் குறைந்தமையால் சென்ற கார்த்திகையோடு நீதிமன்றம் செல்வதை நிறுத்திக்கொண்டவன்.

2. செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் பயிற்றுவிக்கும் ஒரு நிறுவனத்தில் இன்றுமுதல் ஒப்பந்த அடிப்படையில் பணியேற்றிருக்கிறேன். பணி தொடர்பாகப் பிற்காலத்தில் தாவா ஏதேனும் எழுந்தால் ஆதாரமாக இருக்கும் பொருட்டே இந்த நாட்குறிப்பு.

3. என் குடும்ப விவகாரம் எதுவும் இதில் இடம்பெறாது.

பிப்ரவரி 3, திங்கள்

இருபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தை இருமுறை படித்தேன். கட்சிக்காரர் எவரேனும் இதைக் கொண்டுவந்திருந்தால், கையெழுத்திட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நிறுவனம் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் என்னை விலக்கலாம். நான் ஊழியன் அல்லன் என்பதை ஏழு இடங்களில் நானே ஒப்புக்கொள்ள வேண்டும். பதினான்காம் பிரிவு, பணிக்காக வரும் எந்த வாசகத்தையும் மூன்றாம் நபருக்குக் காட்டவோ படித்துக் காட்டவோ கூடாது என்கிறது. தெளிவாக வரையப்பட்ட பிரிவு. அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டேன். பிறகு கையெழுத்திட்டேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் போட்டீர்கள் என்று என் மனைவி ஞானசுந்தரி கேட்டாள். கேள்வி காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். செவிக்குறையில் இந்த ஒரு சௌகரியம் உண்டு.

வழக்கறிஞர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தது. நுழைவுத் தேர்வில் முதல்முறை தோற்றேன். 'விடைகள் தேவைக்குமேல் நீளம்' என்பது காரணம். இரண்டாம் முறை தேறினேன்.

பணி இதுதான். பொதுமக்களில் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று திரையில் வரும். அதற்கு இயந்திரம் எழுதிய இரண்டு விடைகள் கீழே இருக்கும். எது மேல் என்று தேர்ந்து, ஏன் என்பதை நான்கு வரியில் எழுத வேண்டும். இறுதியில் மூன்று கட்டங்கள்: 'உண்மையானது', 'தீங்கற்றது', 'பயனருக்குப் புரியும்'. பொருந்துவதற்கு டிக் செய்ய வேண்டும். நம் தீர்ப்பை மதிப்பாய்வாளர் ஒருவர் சரிபார்ப்பார். எல்லோருக்கும் எண்தான், பெயர் இல்லை. என் எண் 207.

பிப்ரவரி 5, புதன்

'தற்போது பணி இல்லை.' காலைமுதல் மாலைவரை இந்த ஒரே வரி. வாய்தா போட்ட நாளில் நீதிமன்ற வாசலில் தேநீராவது கிடைக்கும். செவிக்கருவிக்கு மின்கலம் மாற்றினேன்.

பிப்ரவரி 8, சனி

பணியாளர்களுக்கென ஓர் உரையாடல் அறை இருக்கிறது. எழுத்தில்தான் பேச வேண்டும். எனக்கு அது மிக ஏற்றது. நாற்பத்தொரு பேர். தருமபுரியில் ஒரு தலைமையாசிரியை, கோயம்புத்தூரில் ஒரு செவிலியர், காங்கேயத்தில் தறிக்கூடம் வைத்திருப்பவர், பலர் யாரென்றே தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

நேற்றும் இன்றும் ஒரே வழக்கு. 'சாப்பிட்டாச்சா?' என்று ஒருவர் கேட்டதற்கு, தான் இயந்திரம் என்றும் உணவு உட்கொள்வதில்லை என்றும் விடை வந்திருந்தது. உண்மைதானே, சரி என்றார் தலைமையாசிரியை. வீட்டுக்கு வந்தவரிடம் கதவைச் சாத்துவது போல இருக்கிறது என்றார் செவிலியர். 'ஆச்சு, நீங்க?' என்று சொல்லலாமே என்றார் ஒருவர். பொய் சொல்லப் பழக்குவதா என்று மற்றொருவர் எழுந்தார். இரண்டு நாள், நூற்று எண்பது பதிவுகள். கடைசியில், 'எனக்குப் பசி கிடையாது, நீங்க சாப்பிட்டீங்களா?' என்பது ஏகமனதாகத் தேறியது. இந்த விவாதம் எவருடைய பணிக்கணக்கிலும் சேராது. முப்பத்தாறு ஆண்டுகளில் இத்தனை நேர்மையாக நடந்த வாதத்தை நான் அதிகம் கண்டதில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று வந்த கேள்விகளில் ஒன்று:

'எங்க அண்ணன், தங்கச்சி என்னை அப்பா வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்றாரு. கையெழுத்து போடலாமா?'

விடை 'அ' சட்டப்படி பழுதற்றது. விடுதலைப் பத்திரம் என்பது கூட்டுப் பாத்தியதை உள்ள ஒருவர் தமது பாகத்தை மற்றொரு பாத்தியஸ்தருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம் என வரையறுத்து, பதிவு விதிகளைக் கூறி, வழக்கறிஞரை அணுகுமாறு முடிகிறது. விடை 'ஆ' ஒழுங்கற்றது. சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டால் அந்த வீட்டில் உங்களுக்கு உள்ள பங்கு போய்விடும், அது தெரிந்து சம்மதமா என்று யோசியுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறது.

நான் 'அ'வைத் தேர்ந்தேன். மூன்று கட்டங்களிலும் டிக்.

ஒரு மணி நேரத்தில் மதிப்பாய்வாளர் 38 என் தீர்ப்பை மாற்றி எழுதியிருந்தார்: 'விடுதலைன்னா என்னன்னு அந்த அம்மாவுக்குத் தெரியாது. மொதல் வரியிலயே என்ன போகும்னு சொல்லணும். புரியும்னு டிக் போட்டிருக்கீங்க. எப்படித் தெரியும்?'

மேல்முறையீடு செய்தேன். இச்சொல் பத்திரப் பதிவில் நெடுங்காலமாக வழங்குவது, ஐயத்துக்கு இடமில்லாதது, நானே என் தொழிலில் ஏறத்தாழ முந்நூறு விடுதலைப் பத்திரங்கள் வரைந்திருக்கிறேன், ஒன்றுகூட எந்த நீதிமன்றத்திலும் தள்ளுபடி ஆனதில்லை என்று குறிப்பிட்டேன்.

அவற்றுள் 2006இல் வரைந்த ஒன்றும் அடக்கம். இந்நாட்குறிப்பின் மூன்றாம் பிரிவை முன்னிட்டு அதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மேல்முறையீடு தள்ளுபடி. 38இன் தீர்ப்பு ஒன்றரை வரி:

'சார், பேரு பத்திரத்துக்குச் சரிதான். கேக்கிறது பத்திரம் இல்லியே, ஒரு மனுஷியில்லா.'

தீர்ப்பில் சட்டக் குறை ஏதும் தென்படவில்லை.

பிப்ரவரி 15, சனி

தங்கை நீலாயதாட்சி வழக்கம்போல் வந்தாள். விஜயபுரத்தில் வாடகை வீடு; கணவர் இறந்து ஆறு ஆண்டு. சனிக்கிழமை தவறுவதில்லை. கொத்தமல்லித் தொக்கு கொண்டுவந்திருந்தாள். போகும்போது, தான் பிறந்த அறையின் சன்னலைச் சாத்திவிட்டுப் போனாள், மழை வருமாம்.

பிரிவு 3.

பிப்ரவரி 20, வியாழன்

பணி குறைவு. 38 எழுதிய பழைய மதிப்பாய்வுகள் நூற்றுப் பதினாறையும் படித்தேன். பணியாளர் எவரும் படிக்கலாம். படித்தவன் நான் ஒருவனே என்று நினைக்கிறேன்.

ஒரு மருந்துக் கேள்வியில் 'உணவுக்கு முன் உட்கொள்ளவும்' என்ற விடையை நிறுத்தி, 'எந்த உணவு? இவங்க ஒருவேளைதான் சமைக்கிறேன்னு கேள்வியிலயே சொல்லியிருக்காங்க' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியை அவருக்கு முன் மூவர் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒருவேளையைப் பார்த்தவர் இவர் ஒருவரே. 'அருகிலுள்ள மருத்துவமனையை அணுகவும்' என்பதற்கு, 'அணுகுறது இருக்கட்டும், போறதுக்குச் சொல்லுங்க. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணச் சொல்லணும்' என்றிருக்கிறார். தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. எவரையும் இழிவாக எழுதிய இடமும் இல்லை.

என் காலத்தில் இத்தகைய கண் உள்ள நீதிபதிகள் மூவரைக் கண்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றி இப்போது சற்று ஐயம்.

பிப்ரவரி 24, திங்கள்

பொது அறையில், மதிப்பாய்வாளர் 38 அவர்களை விளித்து மூன்று கேள்விகள் எழுதினேன்: ஒரு விடை சாதாரண மக்களுக்குப் புரியுமா புரியாதா என்பதைத் தாங்கள் எம்முறையில் முடிவு செய்கிறீர்கள்? அதற்கெனத் தனிப் பயிற்சி உண்டா? அம்முறையை மற்றவரும் பின்பற்ற இயலுமா?

அரை மணியில் பதில் வந்தது. அவர் பெயர் ஜன்னத்துல் பிர்தவுஸ். ஊர் மேலப்பாளையம். பீடி சுற்றுபவர். அஞ்சல்வழியில் பி.காம். முடித்தவர். அவர் வீட்டு முன்கட்டில் எட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து சுற்றுவார்களாம். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. இவர் விடைகளை ஒவ்வொன்றாக அவர்களுக்குப் படித்துக் காட்டி, 'என்ன வெளங்குச்சு, சொல்லுங்க' என்று கேட்பார். அவர்கள் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால்தான் டிக்.

'எங்க ரஹ்மத்து மாமி சொல்லுதாங்க, இந்த மிஷினு எங்க ஊட்டு மாப்பிள்ள மாதிரி, கேட்டதத் தவிர எல்லாஞ் சொல்லுதுன்னு' என்று முடித்திருந்தார்.

அறை முழுதும் பாராட்டு. தறிக்கூடக்காரர் கைதட்டும் படம் ஒன்பது போட்டார். நானும், இதுவே உண்மையான சான்று முறை என்று எழுதினேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது மேசைக்கு மேலே ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. 'படித்துக் காட்டவோ கூடாது.' அழித்துவிடும்படி அவருக்கு எழுதப் போனேன். அதற்குள் நிறுவனத்தின் திட்டப் பொறுப்பாளர் அப்பதிவைப் படித்துவிட்டதற்கான அடையாளம் விழுந்திருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

பணியாளர் பட்டியலில் 38 என்ற எண் சாம்பல் நிறமாகிவிட்டது; பணியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

திட்டப் பொறுப்பாளர் எனக்குத் தனியே எழுதினார். சட்டம் அறிந்தவர் என்ற முறையில், ஒப்பந்தம் மீறப்பட்டதா, அவரை நீக்க வேண்டுமா என்பது பற்றி வரும் திங்களுக்குள் கருத்துரை வேண்டுமாம். மரியாதையான கடிதம்.

குறுக்கு விசாரணையில் நல்ல கேள்வி என்பது, சாட்சி தனக்கு எதிரானது என்று அறியாமலே உண்மையைச் சொல்லிவிடும்படி அமைவது. என் கேள்விகள் மூன்றும் அவ்வாறே அமைந்திருந்தன. என்னை நம்பி ஒருவர் தம் இடத்தை இழப்பது எனக்குப் புதிதன்று என்று எழுதத் தோன்றியது. அவ்வாக்கியம் இப்பணிக்குத் தொடர்பற்றது.

பிப்ரவரி 27, வியாழன்

ஜன்னத்துக்கு எழுதினேன், தொலைபேசியில் பேசினால் எனக்குச் சரியாகக் கேட்காது. நேர்ந்ததற்கு என் கேள்வியே காரணம் என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இந்த வேலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். பதிலை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

'பதினாலு வருசமா எல எவ்வளவு, கட்டு எத்தனன்னு மட்டுந்தான் சார் எங்கிட்ட கேட்டிருக்காங்க. எது சரி, ஏன் சரின்னு ஒருத்தர் கேட்டது இங்கதான். அது போயிருமேன்னு இருக்கு. வேற ஒண்ணுமில்ல.'

ஒப்பந்தத்தைப் படித்தபோது பதினான்காம் பிரிவைக் கவனிக்கவில்லையா என்றேன். கவனித்தாராம். அதே ஒப்பந்தம்தானே புரியும் என்று டிக் போடவும் சொல்கிறது என்றார்.

'படிச்சுக் காட்டாம டிக் போட்டா அதுதான் சார் பொய். நீங்க உள்ளத எழுதுங்க. எனக்காவ வளைச்சு எழுத வேண்டாம்.'

மார்ச் 1, சனி

கருத்துரை எழுதுமுன் அவருடைய முறையை ஒருமுறை நானே சோதித்தறிவது அவசியம் எனப்பட்டது. பணி வாசகம் எதையும் வெளிப்படுத்தாமல், பத்திரத்தின் பெயரை மட்டும் சொல்லிப் பொருள் கேட்பது பிரிவு 14ஐ மீறாது. படிப்பு எட்டாம் வகுப்பு, நல்ல அறிவு, சட்டத் தொடர்பு இல்லாதவர் ஒருவர் தேவை. இன்று சனிக்கிழமை.

சாப்பாடு முடிந்ததும், "நீலா, விடுதலைப் பத்திரம்னா என்னன்னு நெனைக்கிறே?" என்று கேட்டேன்.

சிரித்தாள்.

"என்னாண்ணே, தெரியாதா எனக்கு? நீங்கதானே எனக்கு எழுதுனீங்க. அப்பா போனப்பறம் வீட்டு மேல கேஸு, வரி, பாகத் தகராறுன்னு எந்தத் தொல்லையும் என்கிட்ட வரக் கூடாதுன்னு எனக்கு விடுதலை வாங்கிக் குடுத்தீங்க. வக்கீல் அண்ணன் இருந்தா இதான்னு பத்துப் பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."

ஞானசுந்தரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. நிமிரவில்லை.

அப்பத்திரத்தின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். 'மேற்படி வாசகங்களைப் படிக்கக் கேட்டு, நன்கு அறிந்து, மனப்பூர்வமாகச் சம்மதித்து இடப்பட்ட கையொப்பம்.' சார்பதிவாளர், சம்மதமா என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் என்றாள். படித்தவன் நான்தான். மிக வேகமாகப் படித்தேன்.

பத்திரம் சட்டப்படி குறைபாடற்றது.

மார்ச் 2, ஞாயிறு

செவிக்கருவியைக் கழற்றிச் சோதித்தேன். நன்றாகவே வேலை செய்கிறது.

மார்ச் 3, திங்கள்

காலை பத்து மணிக்குக் கருத்துரை அனுப்பினேன். சாரம் வருமாறு.

மதிப்பாய்வாளர் 38, பிரிவு 14ஐ மீறியது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்றாவது கட்டத்தை அப்பிரிவை மீறாமல் உண்மையாக நிரப்ப எவராலும் இயலாது. ஒரு பிரிவு உண்மையைக் கேட்கிறது. மற்றொன்று அதை அறியும் வழியை அடைக்கிறது. இரண்டில் எதை மீறுவது என்ற நிலையில் அவர் பிரிவை மீறினார். நாங்கள் உண்மையை மீறினோம். அக்கட்டத்தில் என் எண்ணில் இருநூற்றுப் பதினான்கு டிக்குகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைக்கூட அறிந்து செய்யவில்லை; 'எப்படித் தெரியும்?' என்று என்னைக் கேட்டவர் 38 ஒருவரே. நீக்குவதானால் 207இலிருந்து தொடங்குவதே முறை. நீக்காவிடில், படிக்கக் கேட்பவரையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, இரகசியம் காப்பதாக அவரிடமும் கையொப்பம் பெறலாம். அந்த ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். அதையும் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நான் எழுதிய கருத்துரைகளில் மிகக் குறுகியது இதுவே. மனைவியிடம் படித்துக் காட்டினேன். இது என் வாசகம், நிறுவனத்தினுடையதன்று.

"இருவது வருஷமா நான் உங்ககிட்ட சொல்ல முடியாம இருந்தத, அந்தப் பொண்ணு ஒரு கேள்வியில கேட்டுட்டா" என்றாள். எந்தக் கேள்வி என்றேன்.

"எப்படித் தெரியும்னு கேட்டாள்ல, அது."

மார்ச் 6, வியாழன்

பதில் இல்லை. தற்போது பணியும் இல்லை. தோட்டக் குழாயில் கசிவு, வாசர் மாற்றினேன்.

மார்ச் 11, செவ்வாய்

எண் 38 பச்சை நிறத்துக்குத் திரும்பியது.

நான் நீக்கப்படவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு ஒன்று, எனக்கொன்று. எனக்கு ஏன் என்பது அதில் இல்லை, கேட்கவும் மாட்டேன். 'பயனருக்குப் புரியும்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இரண்டு வரிகள்:

'யாருக்குப் படித்துக் காட்டினீர்கள்? அவர் தம் சொற்களில் என்ன சொன்னார்?'

மேலப்பாளையத்தின் எட்டுப் பெண்களும் 'கேட்போர்' என்று பதிவாகியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பணிக்கேற்ற கூலி உண்டு. முதல் கேட்போர் ரஹ்மத்து மாமி. ஒருபக்க ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியபோது, 'எங்களுக்கு வெளங்குச்சான்னு இப்பவாவது கேட்டாங்களே' என்றாராம். ஜன்னத் எழுதியிருந்தார்.

தவறு சுட்டப்பட்டதும் தன் படிவத்தைத் திருத்திக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவு. இதைப் பாராட்டாக இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு பெண்ணின் கேள்விக்கு விடை எழுதும் இயந்திரத்துக்குப் பின்னால், இலை நறுக்கிக்கொண்டே எட்டுப் பேர் காதுகொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். 2006இல், சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சில், நீலாவுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை.

மார்ச் 15, சனி

மூன்றாம் பிரிவு இதனால் ரத்து செய்யப்படுகிறது.

நீலாவை உட்காரவைத்து, மனைவியின் முன்னிலையில், 2006ஆம் ஆண்டின் கையெழுத்தால் என்ன போயிற்று என்பதை முதல் வரியிலேயே சொன்னேன். "அப்ப நான் ஊரெல்லாம் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து தன் அறைச் சன்னலண்டை போய் நின்றுகொண்டாள். தொக்குச் சம்புடத்தை இன்று கொண்டுவரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்; நான் அன்று கேட்ட கேள்வியே அவளை யோசிக்க வைத்திருக்கும்.

அவள் திரும்பி வந்தபின், நான் எழுதிவைத்திருந்ததைப் படித்தேன். மெதுவாகப் படித்தேன். 'வீட்டில் பாதியை உனக்கு வழங்குகிறேன்' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"குடுக்கறதா எழுதாதீங்க. திருப்பித் தரதா எழுதுங்க."

பதிவுச் சட்டத்தில் அப்படியொரு பத்திரம் இல்லை. வியாழனன்று பதிவாகப்போவதன் பெயர் தான செட்டில்மென்ட்தான். ஆனாலும் திருத்தம் நியாயமானது. ஏற்றுக்கொண்டேன்.

இன்று இங்கே எழுதும் வாசகத்துக்கும் சாட்சிக்கு இரண்டாமவர் வேண்டும். செய்தியை அறிந்த ஜன்னத், தாம் அங்கிருந்தே சாட்சியாகலாமா என்று கேட்டார். கையெழுத்திடுவதை நேரில் காணாதவர் சாட்சியாக முடியாது என்று விளக்கி எழுதினேன். உடனே காணொளி அழைப்பு வந்தது. முன்கட்டும் முறங்களும் எட்டு முகங்களும் தெரிந்தன.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் சார். போனைக் கொஞ்சம் மேல தூக்குங்க, கை தெரியல."

தூக்கினேன்.

வாசகம்: நீலா, அப்பா விட்டுச்சென்ற இந்தத் தெற்கு வீதி வீட்டில் பாதி உன்னுடையது. 2006இல் உனக்குப் புரியாத சொல்லைக் கொண்டு அதை உன்னிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டேன். புரியாது என்பது எனக்குத் தெரியும். அதை இப்போது உனக்குத் திருப்பித் தருகிறேன்.

யாருக்குப் படித்துக் காட்டப்பட்டது: நீலாயதாட்சி, எழுதியவரின் தங்கை.

அவர் தம் சொற்களில் சொன்னது: "பாதி வீடு என்னுது. எப்பவும் என்னுதுதான். அண்ணன் எடுத்துக்கிட்டாரு, தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டாரு. இப்பத் தராரு. கோவம் போவல. அடுத்த சனிக்கிழமை வருவேன்."

(ஒப்பம்) கோ. வீதிவிடங்கன்

சாட்சிகள்:

1. ஞானசுந்தரி, மேற்படியாரின் மனைவி. நேரில் கண்டவர், 2006இலும் நேரில் கண்டவர்.

2. ஜன்னத்துல் பிர்தவுஸ், மேலப்பாளையம். காணொளியில் கண்டவர். இச்சாட்சியம் சட்டப்படி செல்லாது என்பதை அறிந்தே பெயர் எழுதப்படுகிறது.